தண்ணீர் குடிக்காத துணி

அந்த ஜாக்கெட்டின் எடை முந்நூற்று நாற்பத்திரண்டு கிராம். எங்கள் தொழிற்சாலை ஆய்வறையில் துணி நிறுக்கும் தராசில் மூன்று முறை வைத்து, மூன்று முறையும் ஒரே எடை காட்டிய பிறகுதான் நாட்குறிப்பில் எழுதினேன். சாம்பலும் நீலமும் கலந்த நிறம். தலைக்குத் தொப்பி அதிலேயே சேர்ந்திருக்கும். மலை ஏறுகிறவர்களுக்கென்று செய்த மேலாடை அது. வெளியிலிருந்து மழை உள்ளே வரக் கூடாது, உள்ளிருந்து உடம்பின் ஆவி வெளியே போக வேண்டும் என்று இரண்டு வேலைகளை ஒரே துணிக்குக் கொடுத்திருக்கிறார்கள். இப்போது அது என் அலமாரியில், தோள் மடங்காமல் இருக்க அகலமான மரத் தாங்கியில் தொங்குகிறது. அப்பா அதைப் போட்டது மொத்தம் ஒன்பது நாட்கள். அப்பா இல்லாமல் இது இரண்டாவது ஆடி.

அப்பா சாயப் பட்டறையில் டையிங் மாஸ்டராக இருந்தவர். திருப்பூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்குத் தையல் மெஷின்கள் நினைவுக்கு வரும். எங்கள் வீட்டில் திருப்பூர் என்பது தண்ணீர். கொதிக்கிற தண்ணீர், உப்புத் தண்ணீர், சோடாத் தண்ணீர், கடைசியில் அலசுகிற தண்ணீர். முப்பது வருடங்களுக்கு மேல் அப்பா அந்த ஈரத் தரையில் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு நின்றார். ஷிப்ட் முடிந்து வரும்போது அவருடைய விரல் நுனிகள், வெகுநேரம் குளித்த குழந்தையின் விரல்களைப் போலச் சுருங்கி வெளுத்திருக்கும். நக இடுக்கில் மட்டும் அன்றைக்கு ஓடிய நிறம் இருக்கும். நான் நாலாம் வகுப்புப் படிக்கும்போது கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் "திங்கள் நீலம், செவ்வாய் நீலம், புதன் மெரூன்" என்று அதை எழுதி வைக்கத் தொடங்கினேன். இன்றுவரை விடாமல் எழுதும் நாட்குறிப்புக்கு அதுதான் முதல் பக்கம். எழுதுவதைப் பார்த்துவிட்டு அப்பா திட்டவில்லை. அடுத்த நாளிலிருந்து வீட்டுக்குள் வந்ததும் கையைக் கழுவுவதற்கு முன் என்னிடம் நீட்டிக் காட்டினார்.

என் வேலையும் துணியோடுதான். முதலிபாளையத்தில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவை நான் பார்த்துக்கொள்கிறேன். ஆடைகள் பெட்டிக்குள் போகும் முன் சிலவற்றை உருவி மேசையில் விரித்து, குறை தேடி, பாஸ் அல்லது ரிஜெக்ட் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். குறை தேடிப் பழகிய கண் வீட்டுக்கு வந்தாலும் ஓய்வதில்லை. நானும் என் கணவரும் கீழ்வீட்டில் இருந்தோம். அம்மா போன பிறகு அப்பா மாடி அறைக்கு வந்துவிட்டார். மாடிப்படியில் அவர் ஏறும் சத்தத்தை வைத்தே அன்றைக்கு அவருக்கு மூச்சு எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடுவேன்.

வேலையை விட்ட மூன்றாம் வருடம் மார்கழியில் அவருக்கு நிமோனியா வந்தது. ஒன்பது நாட்கள் ஆஸ்பத்திரியில் இருந்தார். பட்டறை ஆவியை இத்தனை வருடம் இழுத்த நெஞ்சு, பார்த்து வைத்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். நான் பார்த்து வைத்துக்கொண்டேன். மழை வந்தால் ஜன்னலைச் சாத்தினேன். தலைக்குக் குளித்தால் துவட்டினீர்களா என்று கேட்கும் அளவுக்குப் போயிருந்தேன். அப்பா பொறுத்துக்கொண்டார். "உங்கம்மாளுக்குப் பதிலா நீயி வந்துட்டியாக்கு" என்று மட்டும் ஒரு முறை சொன்னார்.

அடுத்து வந்த சித்திரையில் ஒரு காலை, வாக்கிங் போய்விட்டு வந்தவர் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"அம்மணி, இமயமலைக்குப் போலாம்னு இருக்கறேன்."

"கோயிலுக்குங்களாப்பா?"

"கோயிலுக்கில்ல சாமி. பூப் பாக்க."

நான் சிரித்துவிட்டேன். "பூப் பாக்க ஊட்டி பத்தாதுங்களா?"

"ஊட்டில தொட்டியில வெச்சு வளத்தறாங்க. அங்க அதுபாட்டுக்கு மொளைக்குதாமா" என்றார். சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பையன் ஒருவன் சினிமாவுக்குக் கேட்பதைப் போல வாசல்படியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு ஒரு கூட்டாளி உண்டு. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், எங்களுக்குக் கண்டக்டர் மாமா. இருவரும் இன்னும் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு வருடா வருடம் மூங்கில் தடியோடு வெள்ளியங்கிரி ஏறியவர்கள். மாமாவின் மகள் பெங்களூரில் ஒரு மலையேற்றக் குழுவின் மூலம் எல்லாம் ஏற்பாடு செய்திருந்தாள். இமயமலையில் மழைக்காலத்தில் மட்டும் பூத்துக் கிடக்கும் ஒரு பள்ளத்தாக்கு. ஆடியில் புறப்பாடு. அங்கே அந்த மாதம் மழை பெய்யாத நாள் அபூர்வம்.

அப்பாவை டாக்டரிடம் கூட்டிப் போனேன். அவர் வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்று நம்பித்தான் கூட்டிப் போனேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். டாக்டர் ஊதச் சொன்னார், நடக்கச் சொன்னார், படம் எடுத்துப் பார்த்தார். "நடக்கலாம். மெதுவா ஏறலாம். ஆனா நனையக் கூடாது. ஈரத்தோட குளிர் சேந்தா மறுபடி நெஞ்சுல கட்டிரும்" என்றார். அப்பா வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நனையாமப் போயிட்டு வந்தர்றேன்" என்றார். நனையாமல் இருப்பதற்கு வேண்டியதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். மழைத்துணி தேடும் வேலை இப்படித்தான் என் கைக்கு வந்தது. நல்லது கிடைத்தால் பயணம். கிடைக்காவிட்டால் இல்லை.

நாட்குறிப்பில் அதற்கென்று தனியாக ஆறு பக்கங்கள் ஒதுக்கி, ஜா-1, ஜா-2 என்று எண் போட்டேன். ஜா-1, பைக்கில் போகிறவர்கள் போடும் சாதாரண ரெயின்கோட். அதைப் போட்டுக்கொண்டு அனுப்பர்பாளையம் வரை நடந்து திரும்பிய அப்பா கழற்றியபோது உள்பனியனைப் பிழியலாம் போலிருந்தது. "மழையே பரவால்ல அம்மணி. இட்லிக் குண்டாவுக்குள்ள ஒக்காந்தாப்புல இருக்குது" என்றார். ஜா-2 எங்கள் ஊர்ப் புத்தி. திருப்பூரில் இருந்துகொண்டு கடையில் போய் ஆடை வாங்குவதை எங்களில் பலர் கௌரவக் குறைவாக நினைப்போம். எங்கள் சேம்பிள் பிரிவில் ஒரு டெய்லர், திருநெல்வேலிக்காரர். தண்ணீர் தாங்கும் துணி கொஞ்சம் வாங்கிக் கொடுத்தேன். இரண்டே நாளில் அழகாகத் தைத்துக் கொடுத்தார். நான் அதன் ஒரு கையின் நுனியை இறுக்கிக் கட்டி, உள்ளே தண்ணீர் ஊற்றி, கொடியில் தொங்கவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துக் கால் மணி நேரம் காத்திருந்தேன். தையல் ஓடிய வழியெல்லாம் சொட்டியது. அங்குலத்துக்குப் பன்னிரண்டு தையல் என்றால் அங்குலத்துக்குப் பன்னிரண்டு ஓட்டை. இத்தனை வருடம் தையலை எண்ணியவள் ஓட்டையை எண்ணியதில்லை. டெய்லருக்குக் கோபம். "மேடம், தையல்ல ஒரு பிசிறு காட்டுங்க பாப்போம். ஒழுகுதுன்னா அது துணியோட கொணம்லா?" என்றார். தைத்த பிறகு தையலின் உள்பக்கத்தில் ஒரு பட்டையை உருக்கி ஒட்ட வேண்டும் என்பதை அதற்குப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவும் நானும் கோவைக்குப் போனோம். ஜா-5இல் பட்டை கக்கத்தில் ஒட்டாமல் எழும்பியிருந்தது. ஜா-7இல் ஜிப்பை மூட மேல்மடிப்பு இல்லை. ஜா-8இல் அப்பா தலையைத் திருப்பினால் தொப்பி திரும்பாமல் ஒரு கண்ணை மறைத்தது. ஜா-9இல் முதுகுப்பை மாட்டினால் இடுப்புப் பட்டை பாக்கெட்டின் வாயை அடைத்தது. ஒரு கடையில் விற்பனையாளரிடம், இந்தத் துணி எத்தனை உயரத் தண்ணீரின் அழுத்தத்தைத் தாங்கும் என்று அட்டையில் போட்டிருக்கிறீர்களே, அதற்கு ஆய்வறிக்கை இருக்கிறதா என்று கேட்டேன். அவர் என்னையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏனுங் மேடம், வாங்க வந்திருக்கீங்களா, ஆடிட்டுக்கு வந்திருக்கீங்களா?" அப்பா வாய்விட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. என் ஒவ்வொரு குறிப்பும் உண்மையானது. எந்தக் குறையையும் நான் இட்டுக்கட்டவில்லை.

ஐந்தாவது வாரம் கண்டக்டர் மாமா நேராக வீட்டுக்கே வந்துவிட்டார். பேர் கொடுக்கக் கடைசி நாள் நெருங்கியிருந்தது.

"ஏனம்மணி, உங்கொப்பனுக்கு ஜாக்கெட்டு பாக்கறயா, மாப்பிள்ளை பாக்கறயா? அது நொட்டைங்கற, இது நொள்ளைங்கற. நாங்க துண்டைக் கட்டீட்டு வெள்ளியங்கிரி ஏறினவிய."

"வெள்ளியங்கிரில நிமோனியா வந்தா கோயமுத்தூரு பக்கத்துல இருக்குதுங் மாமா" என்றேன்.

"டிக்கெட்டுக் கிழிச்சாச்சு. நடுவழில எறக்கி உட்டா எங்களுக்குப் பாவம்" என்று அப்பாவைப் பார்த்துக் கண்ணடித்தார்.

அந்த வாரக் கடைசியில் ஜா-10ஐயும் வேண்டாம் என்று வைத்துவிட்டுக் கோவையிலிருந்து பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். அவிநாசி தாண்டியிருக்கும். அப்பா ஜன்னல் ஓரம் இருந்தார். வெளியே பார்த்தபடியே மெதுவாகக் கேட்டார்: "நீயி ஜாக்கெட்டுலதான் டிஃபெக்ட் பாக்கறயா சாமி?"

நான் கைப்பையில் எதையோ தேடினேன். வீட்டுக்கு வந்து அந்த ஆறு பக்கங்களையும் திரும்பப் படித்தபோது, வேறு யாருக்காவது வாங்குவதாக இருந்தால் ஜா-6ஐயும் ஜா-10ஐயும் நானே பாஸ் செய்திருப்பேன் என்று தெரிந்தது.

ஜா-11ஐத் தேர்ந்தெடுத்தது அப்பா. அந்தக் கடையில் நான் உள்பக்கத்தைத் திருப்பிப் பட்டைகளைத் தடவிக்கொண்டிருந்தபோது, அவர் குடிக்கத் தண்ணீர் கேட்டார். தம்ளரில் விரலை நனைத்து, ஜாக்கெட்டின் கைமேல் ஒரு துளி விட்டார். சாயப் பட்டறையில் தினமும் செய்கிற சோதனை அது. வெளுத்த துணியில் ஒரு சொட்டு விடுவார்கள். சட்டென்று உள்ளே போய்விட்டால் துணி தண்ணீர் குடிக்கிறது, சாயம் ஏற்கும். நின்றால், வெளுப்புச் சரியில்லை, திரும்ப ஓட்ட வேண்டும். இந்தத் துளி சேப்பங்கிழங்கு இலையில் நிற்பதைப் போல நின்றது. அப்பா கையைச் சாய்த்தார். துளி தடம் விடாமல் ஓடித் தரையில் விழுந்தது. இன்னொன்று விட்டார். இன்னொன்று. "சொட்டு நின்னுதுன்னா அன்னைக்கெல்லாம் ஆளுகளை வஞ்சு தீத்திருவேன்" என்றார் விற்பனையாளரிடம். "இத நின்னு பாத்துட்டே இருக்கலாம் போல இருக்குது." பிறகு என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன்.

புறப்பட ஏழு நாட்கள் இருந்தபோது நான் அந்தத் தவறைச் செய்தேன்.

துணி விறைப்பானது. நடந்தால் காகிதம் கசக்குவதைப் போலச் சத்தம் வரும். அப்பா பழகிக்கொள்வதற்காக அதைப் போட்டுக்கொண்டு மாடியில் நடப்பார். இரண்டாம் நாள் பார்த்தபோது கழுத்தில் துண்டை மடித்து வைத்திருந்தார். சாயத்தாலும் ஆவியாலும் அவருடைய கழுத்துத் தோல் எப்போதும் வறண்டு சிவந்திருக்கும். ஜாக்கெட்டின் கழுத்துப் பட்டை அங்கே உரசியிருக்கிறது. சொல்லவில்லை. சொன்னால் ஜா-12 தேடக் கிளம்பிவிடுவேன் என்று பயந்திருப்பார். எனக்கு மனசு கேட்கவில்லை. மறுநாள் காலை அவர் வாக்கிங் போனதும் ஜாக்கெட்டை எடுத்து வந்து, வாளியில் வெதுவெதுப்பான தண்ணீரில் சாஃப்ட்னர் விட்டு ஊற வைத்தேன். எங்கள் ஊரில் இது யோசித்துச் செய்கிற காரியம் அல்ல. சாஃப்ட்னர் குளியல் இல்லாமல் ஒரு பனியன்கூட இங்கிருந்து வெளியே போகாது. துணி மொரமொரப்பாக இருந்தால் சாஃப்ட்னர், அவ்வளவுதான். வெயிலில் காய வைத்து எடுத்தபோது கைக்கு இதமாக இருந்தது. சத்தமும் குறைந்திருந்தது. அப்பா செய்ததைப் போல நானும் ஒரு துளி விட்டுப் பார்த்தேன்.

துளி கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு உள்ளே போய்விட்டது. அந்த இடம் கருத்துப் பரவியது. முதுகில் விட்டேன், தோளில் விட்டேன், தொப்பியில் விட்டேன். எல்லா இடமும் குடித்தது.

உள்பாக்கெட்டுக்குள் சலவைக் குறிப்பு தைத்திருந்தது. சாஃப்ட்னர் சேர்க்கக் கூடாது என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. சேர்த்தால் மேல்துணியின் பூச்சு தண்ணீரைத் தள்ளும் குணத்தை இழந்துவிடும். உள்ளே மழையை மறிக்கும் சவ்வு தாங்கினாலும், மேல்துணி ஊறிக் கனத்து, உடம்போடு ஒட்டிக் குளிரும். என் வேலையில் இந்தச் சலவைக் குறிப்புகளை ஆயிரக்கணக்கில் சரிபார்த்திருக்கிறேன். எழுத்துப் பிழை இருக்கிறதா, நேராகத் தைத்திருக்கிறதா, தையலிலிருந்து சரியான தூரத்தில் இருக்கிறதா என்று பார்ப்பேன். அது யாருக்கோ சொல்லும் ஒரு செய்தி என்று நினைத்து ஒரு நாளும் படித்ததில்லை.

அப்போது என் மனதில் வந்த முதல் எண்ணத்தையும் எழுதிவிட வேண்டும். இனி அப்பா போக வேண்டியதில்லை என்பதுதான் அது. இட்டுக்கட்டாத, உண்மையான, மேஜர் குறை ஒன்று என் கையில் இருந்தது. இன்னொன்று தேட நேரமில்லை. அந்தப் பூச்சைத் திரும்ப ஏற்றுவதற்குத் தெளிப்பான் உண்டு, வரவழைக்கப் பத்து நாளாகும் என்று கடைக்காரர் போனில் சொன்னார். அவர் அப்படிச் சொன்னபோது எனக்கு ஏற்பட்ட நிம்மதி என்னையே பயமுறுத்தியது. தெரியாமல்தான் செய்தேனா? கழுத்து உரசுகிறது என்றால் ஒரு பருத்தித் துண்டை உள்ளே வைத்துத் தைத்திருக்கலாமே? விடை எனக்கு இன்றும் தெரியாது. அன்றைய பக்கத்தில் "நல்ல வெயில். துணிகள் சீக்கிரம் காய்ந்தன" என்று மட்டும் எழுதினேன். இத்தனை வருட நாட்குறிப்பில் உள்ளதை மறைத்து எழுதிய பக்கம் அது ஒன்றுதான்.

மறுநாள் காலை, பயணம் வேண்டாம் என்று சொல்வதற்காகத்தான் மாடிக்கு ஏறினேன். அப்பா கட்டிலில் பை விரித்து அடுக்கிக்கொண்டிருந்தார். ஒரு பிளாஸ்டிக் உறையில் பழைய அட்டைகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் தீப்பெட்டி அளவுக்கு ஒரு சாயத்துணி ஒட்டி, பக்கத்தில் ஆங்கிலத்தில் பெயர் எழுதியிருந்தது. பிரிம்ரோஸ். ஐரிஸ். லாவெண்டர். பாப்பி. ஃபர்கெட் மீ நாட். பதினாலு அட்டைகள். பட்டறையில் நிறம் ஒத்துப்போனதும் ஆதாரத்துக்கு ஒன்று வைத்துக்கொள்வார்கள். வேலையை விடும்போது அவற்றை எடுத்து வந்திருக்கிறார்.

"இதெதுக்குங்ப்பா மலைக்கு?"

"இந்தப் பேரெல்லாம் பூவாமா அம்மணி" என்றார். "வாங்கற வெளிநாட்டுப் பையரு சீட்டுல பேரெழுதி ஒரு துண்டுத் துணி குடுத்துருவான். அதப் பாத்து அதே மாதிரி போட்டுக் குடுப்போம். கொஞ்சம் மாறுச்சுன்னா ரிஜெக்டு, மறுக்கா ஓட்டு. முப்பது வருசம். ஒரு பூவக்கூட நான் கண்ணுல பாத்ததில்ல. அவன் செரியான துண்டத்தான் குடுத்தானான்னு ஆரு கண்டா?" ஒரு அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். "கூட்டிட்டுப் போறவருகிட்டக் கேட்டாச்சு. இதுல பாதிக்கு மேல அங்க பூக்குதாமா. பக்கத்துல வெச்சுப் பாத்துட்டு வந்தர்றேன். பகல் வெளிச்சத்துல பாத்தாத்தான் ஷேடு ஷேடு."

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். சொல்ல வந்ததற்குப் பதிலாக, செய்ததைச் சொன்னேன். கழுத்து, வாளி, சாஃப்ட்னர், வெயில், துளி எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லி, நேற்றே சொல்லாமல் மறைத்தேன் என்பதையும் சொன்னேன். அழுதுவிட்டேன் என்று நினைக்கிறேன். அப்பா அட்டையை உறைக்குள் வைத்தார். பிறகு கேட்டார்:

"எத்தன மூடி ஊத்துன?"

"ரெண்டுங்ப்பா."

"தண்ணி?"

"அரை வாளி."

"சூடு?"

"வெதுவெதுப்புதாங்ப்பா."

"எத்தன நேரம்?"

"இருபது நிமிசம்."

"அட கெரகமே, ஏழு உருப்படிக்குக் குடுக்கறத ஒண்ணுக்குக் குடுத்திருக்கற. அது என்ன பொண்ணுக்குச் சீரா?" என்று சொல்லிவிட்டு எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார்.

அன்று நான் விடுப்புச் சொன்னேன். மொட்டை மாடியில் குழாயடியில் அப்பா முக்காலி போட்டு உட்கார்ந்தார். மிதமான சூட்டில் தண்ணீர், அதில் வாசனை சேர்க்காத சோப்புத் திரவம் கொஞ்சம். ஏற்றியதை இறக்குவதும் பட்டறை வேலைதான் என்றார். நான் தண்ணீர் மாற்றிக்கொண்டே இருந்தேன், அவர் முக்கி எடுத்துக்கொண்டே இருந்தார். முறுக்கக் கூடாது என்று என் கையைத் தட்டிவிட்டார். ஒவ்வொரு அலசலுக்குப் பிறகும் தண்ணீரை இரண்டு விரலுக்கிடையே தேய்த்துப் பார்த்து, "இன்னும் வழவழங்குது" என்பார். ஒன்பதாவது வாளியில் "ம்" என்றார். காய்ந்த பிறகு, குறிப்பில் சொன்னபடி, மேலே ஒரு துணி விரித்து இஸ்திரிப் பெட்டியை இளஞ்சூட்டில் ஓட்டினேன். சூடு பட்டால் அந்தப் பூச்சு மறுபடி எழும்பும் என்று போட்டிருந்தது. மாலையில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து ஜாக்கெட்டை நடுவில் விரித்தோம். அப்பா தம்ளரில் விரலை நனைத்தார்.

கைகளில் துளி நின்றது. முதுகில் நின்றது. தொப்பியில் கொஞ்சம் தயங்கி, பிறகு நின்றது. கழுத்துப் பட்டையில் பாதி உள்ளே போனது. வலது தோளில் ஓர் உள்ளங்கை அளவு இடம், எத்தனை முறை விட்டாலும் குடித்துக்கொண்டே இருந்தது.

அப்பா ஜாக்கெட்டை மடித்து என் மடியில் வைத்தார். "செக்கிங் நீதான். பாஸா, ரிஜெக்டா? நீயி ரிஜெக்டுன்னா நான் போகல. கண்டக்டருகிட்ட நானே சொல்லிப் போடறேன். உன்ற மேல வருத்தமெல்லாம் இல்ல கண்ணு."

கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்டார். நான் அதை மறுபடி விரித்தேன். தோள் என்பது மழை முதலில் விழும் இடம். முதுகுப்பையின் வார் அழுத்தும் இடமும் அதுதான். என் மேசைக்கு அது வந்திருந்தால் ஒரு நொடிகூட யோசித்திருக்க மாட்டேன். மேஜர் குறை. அப்பா முழங்கால்மேல் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தார். கழுவிக் கழுவி அவருடைய விரல் நுனிகள் பழையபடி சுருங்கி வெளுத்திருந்தன.

"வலது தோள், மைனருங்ப்பா. பாஸ்" என்றேன்.

"எழுதிப் போடு" என்றார். அவர் பார்க்கும்படி நாட்குறிப்பில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அவர் மலைக்குப் போன பிறகு நாட்கள் எப்படிப் போயின என்று எழுத ஒன்றுமில்லை. பட்டறைகளுக்கு மேலே மேகம் கூடினால் போனை எடுத்துப் பார்ப்பேன். ஆறாம் நாள் மத்தியானம், தொழிற்சாலையில் இருக்கும்போது அழைப்பு வந்தது. மலையடிவாரத்து ஊரில் சிக்னல் விட்டு விட்டு வந்தது. நான் எடுத்ததும் கேட்டேன், "நனைஞ்சுட்டீங்களாப்பா?"

"நனைஞ்சேன் சாமி" என்றார். "மழை ஒண்ணும் பண்ணல. ஏத்தத்துல உள்ளுக்குள்ள வேர்த்துத் தொப்பலா நனைஞ்சேன். பொறவு ஜிப்பத் தொறந்து உட்டுட்டேன்."

"மழையிலயா?"

"மழையிலதான். எல்லாருந்தான் தொறந்து உட்டாங்க. நம்ம கண்டக்டரு பனியனோட நிக்கறான்."

அந்தப் பக்கம் கண்டக்டர் மாமா ஏதோ கத்தினார். அப்பா சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. ஐந்து முறை இருமினார், எண்ணினேன். பிறகு குரல் தெளிவாக வந்தது. "அம்மணி, பாப்பி இங்க நீலம்! நாங்க முப்பது வருசமும் செவப்பாவே போட்டுட்டு இருந்திருக்கறோம்." செவப்புப் பாப்பியும் இருக்குதுங்ப்பா என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. "எத்தனை மேட்ச் ஆச்சுங்ப்பா?" என்று கேட்டேன். "பதினாலுக்கு மூணு. மிச்சமெல்லாம் பையரு ரிஜெக்டு" என்றார். தொடர்பு அறுந்துவிட்டது.

திரும்பி வந்தவருக்குப் பதினொரு நாட்கள் இருமல் இருந்தது. பிறகு போய்விட்டது. டாக்டர் ஊதச் சொல்லிப் பார்த்துவிட்டு, முன்பைவிட மோசமில்லை என்றார். அதற்குப் பிறகு அப்பா ஒரு வருடமும் எட்டு மாதமும் இருந்தார். ஒரு காலை நெஞ்சு வலி என்றார். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அந்த மழைக்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று டாக்டரிடம் கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. இது இதயம், அது நுரையீரல் என்று அவர் பொறுமையாகச் சொன்னார். அந்தப் பதிலையும் எழுதி வைத்திருக்கிறேன். இப்போதும் சில நாட்கள் எடுத்துப் படித்துக்கொள்கிறேன்.

இந்த ஆடியில் முதல் மழை வந்த அன்று ஜாக்கெட்டின் உள்பாக்கெட்டுகளைத் திறந்து காற்றாட விட்டேன். அந்தப் பதினாலு அட்டைகளும் அங்கேதான் இருந்தன. பூவின் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் அப்பா பேனாவில் தீர்ப்பு எழுதியிருக்கிறார். "சரி." "மஞ்சள் ஜாஸ்தி." "இன்னும் கொஞ்சம் நீலம் வேணும்." "பேரே தப்பு." ஒரே ஒரு அட்டையை மட்டும் படிக்க முடியவில்லை. ஜிப்பைத் திறந்துவிட்ட பிறகு வெளியே எடுத்தது போலிருக்கிறது. மழை நேராக விழுந்து, பின்பக்க எழுத்தும் முன்பக்கப் பூவின் பெயரும் கரைந்து ஒரு நீலக் கறையாகக் கிடக்கின்றன. அட்டை ஊறி உப்பிக் காய்ந்திருக்கிறது. அதில் ஒட்டிய துணியை நெடுநேரம் பார்த்தேன். பழக்கம் விடவில்லை, விரலை நனைத்து அதன்மேல் வைத்து, வெள்ளைத் துணியால் ஒற்றி எடுத்தேன். வெள்ளைத் துணியில் ஒன்றும் இல்லை. அப்பா போட்ட சாயம் துளிகூட இறங்கவில்லை.